கடுகுப்பூச் சுவர்

அங்குலம் அக்கா வீட்டுக் கூடத்தின் மேற்குச் சுவர் முதல் நாள் ஒரு முழம்தான் பின்னால் போனது. அந்த வாரம் தக்காளி விலை அதைவிட அதிகமாக நகர்ந்திருந்ததால் தெருவில் யாரும் சுவரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் இரண்டு முழம் போனது. அதற்கடுத்த வாரம், சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அக்காவின் கணவர் படிக்கும் செய்தித்தாளின் தலைப்பைக் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து எழுத்துக்கூட்டக்கூட முடியவில்லை. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்று பெரியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். சித்திரத்தை ஒட்டியதும் சுவர் கிளம்பிப் போய்விட்டால் என்ன செய்வது என்பதைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அக்காவின் தொழில், பொம்மை வீடுகளுக்குச் சுவர்த்தாளும் துணியும் வீட்டிலேயே அச்சடித்துக் கொடுப்பது. கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு "அதுக்கெல்லாமா ஆளு இருக்கு?" என்பார்கள். அதற்கும் பிறகு, தங்கள் வீட்டுப் பழைய திரைச்சீலையை மடித்து எடுத்துக்கொண்டு வந்து, இதே பூப்போட்டு உள்ளங்கை அளவில் ஒன்று கிடைக்குமா என்று தணிந்த குரலில் கேட்பார்கள். கிடைக்கும். அந்தத் தொழிலுக்குக் கணக்கு ஒன்றே ஒன்று: அடிக்கு அங்குலம். நிஜத்தில் ஓரடி இருப்பது பொம்மை வீட்டில் ஓரங்குலம். நெல்லிக்காய் அளவுப் பூ கடுகளவு ஆகிவிடும். துணி என்றால் மெல்லிய பருத்தியை மெழுகுத்தாளின் மேல் வைத்து இஸ்திரி போட்டு ஒட்டி, ஓரத்தில் ஒரு நூல்கூடத் தொங்காமல் நறுக்கிப் பிரிண்டருக்குள் அனுப்ப வேண்டும். ஒரு நூல் தொங்கினாலும் பிரிண்டர் அதைப் பல்லில் கடித்துக்கொண்டு சம்பந்தி வீட்டார் மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும். இருபது வருடம் இதே கணக்கில் வாழ்ந்ததில் அக்காவுக்கு உலகமே அங்குலமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் உயரம் கேட்டபோது "அஞ்சேகால் அங்குலம்" என்று சொல்லி, எழுதிக்கொண்ட நர்ஸைத் தலைச்சுற்றலுக்கு ஆளாக்கியவர். பெயர் அப்படித்தான் வந்தது.

கணவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். முப்பது வருடம் மற்றவர்கள் ஓட்டப் பக்கத்து இருக்கையில், தன் காலடியில் தனியாக ஒரு பிரேக்குடன் வாழ்ந்தவர். அவர் ஓய்வு பெற்றார், வலது கால் பெறவில்லை. பால் பொங்கினால் கால் தரையை அழுத்தும். யாராவது வேகமாகப் பேசினாலும் அழுத்தும். கல்யாணப் பேச்சு எடுத்த மகளிடம்கூட அவர் வாய் "ரொம்ப சந்தோஷம்மா" என்றது, கால் அழுத்திக்கொண்டுதான் இருந்தது. தெரு அவரைப் பிரேக் அண்ணன் என்றது. மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு வீட்டில் அங்குலமும் பிரேக்கும் மட்டும் மிஞ்சினார்கள். அவர் ஓய்வு பெற்ற பிறகோ அக்காவுக்கு வேலை இரட்டிப்பானது. சும்மா இருக்கும் ஆண்பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு வேலை செய்வது தனி வேலை.

வினை வந்தது வக்கீலம்மாவின் பொம்மை வீட்டால். எட்டு அறை, மாடிப்படி, வரவேற்பறைக்குக் கடுகுப்பூச் சுவர்த்தாள் என்று பெரிய ஆர்டர். அச்சடிக்க வேண்டிய அன்று பார்த்து அக்காவுக்குப் பல்வலி. அக்கா பல் டாக்டரிடம் போயிருந்த நேரத்தில், திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருந்தால் அவள் முகம் எப்படி இருக்கும் என்று பிரேக் அண்ணன் நினைத்துப் பார்த்தார். அந்த முகம் அவருக்குப் பிடித்திருந்தது. கம்ப்யூட்டரில் அச்சடிக்கும் பொத்தானை அழுத்தினார். தாளுக்குப் பொருந்தும்படி சற்றுச் சுருக்கலாமா என்று பிரிண்டர் மரியாதையாகக் கேட்டது. சுருக்குவது, குறைப்பது, மெல்லப் போவது எல்லாம் அவர் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொடுத்த நல்ல பழக்கங்கள். சரி என்றார். வீட்டிலிருந்த தாள் அத்தனையும் தீரும்வரை அச்சடித்து, ஓரம் தட்டி அடுக்கி வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றார்.

நூற்றுக்கு மூன்று சுருங்கியிருந்தது. மற்றவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. பொம்மை வீட்டில் அது கதவு நிலைக்கும் சுவர்த்தாளுக்கும் நடுவே தெரியும் வெள்ளைக் கோடு. அக்கா வீங்கிய கன்னத்தோடு உருப்பெருக்கிக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார், அளவுகோலை வைத்துப் பார்த்தார், பிறகு சொன்னார்: "உங்கள யாரு இதைத் தொடச் சொன்னா?" பல் மரத்திருந்ததால் வார்த்தைகள் நினைத்ததைவிடக் கனமாக விழுந்தன என்று பின்னாளில் அக்கா சொல்வார். பிரேக் அண்ணன் அடுக்கிய தாள்களை எடுத்து ஓரமாக வைத்தார். கால் மட்டும் அழுத்தியது.

அடுத்த வாரம் அக்கா புதிதாக அச்சடித்த ஆர்டரை வக்கீலம்மாவிடம் கொடுக்கப் போன நாளில், அண்ணன் வீணாய்ப் போன தாள்களை எடுத்தார். கூடத்து மேற்குச் சுவரில் ஈரம் பாரித்த கறை ஒன்று வருடக்கணக்காக இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா பெருமூச்சு விடுவது வழக்கம். மாவுப் பசை கிண்டி, ஸ்டூல் போட்டு ஏறி, மேலிருந்து கீழ்வரை சுவர் முழுக்கக் கடுகுப்பூத் தாளை ஒட்டிவிட்டார். மன்னிப்பு என்ற சொல்லை வாயால் சொல்லிப் பழகாத மனிதர் சுவரால் சொன்னார் என்றுதான் தெரு இன்றுவரை நினைக்கிறது. ஆனால் தாளும் தாளும் சேரும் இடத்தில் பூ பூவோடு சேர வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. இணைப்புதோறும் பாதிப்பூ, பாதிக்காம்பு, எங்கேயோ கிளம்பி எங்கேயும் போய்ச் சேராத கொடிகள். அக்கா உள்ளே வந்தார். சுவர் முழுவதையும் பார்த்தார். தொழில்காரக் கண் மனைவிக்கு முன்னால் ஓடிவிட்டது. "கோணல்" என்றார்.

பிரேக் அண்ணன் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அந்தச் சுவரோரம் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு நின்றது பேச்சு. அன்றைக்குக் கிளம்பியது சுவர்.

ஏன் போகிறது என்பதைக் கண்டுபிடித்தவர் பக்கத்து வீட்டுக் கணக்கு டியூஷன் டீச்சர். மேற்குச் சுவருக்கு அந்தப்பக்கம் அவர் வீடு. தன் வீட்டில் எதுவும் நகரவில்லை என்று முதலில் உறுதிசெய்துகொண்டார். பிரேக் அண்ணன் எப்போதோ அடித்த ஆணியின் கூர் டீச்சர் வீட்டுச் சுவரில் எட்டிப்பார்த்தபடி அதே இடத்தில்தான் இருந்தது. அக்கா வீட்டுக் கூடத்தில் தெரிந்த ஆணியின் தலை மட்டும் நாளுக்கு நாள் தூரமாகிக்கொண்டிருந்தது. டீச்சர் கூடத்தில் நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நெல்லிக்கா பூ கடுகாத் தெரியணும்னா அது எட்ட இருக்கணும். இந்தச் சுவர்ல பூவெல்லாம் கடுகாத்தான் தெரியுது. சுவர் நேர்மையான சுவர். எவ்ளோ தூரத்துல இருந்தா இது நியாயமோ, அவ்ளோ தூரத்துக்குப் போவுது." இதைக் கேட்ட தெருவுக்கு நிம்மதியாக இருந்தது. பேய் என்றால் பயப்படலாம், நேர்மை என்றால் என்ன செய்ய முடியும்?

ஆளாளுக்கு யோசனை சொன்னோம். பெயிண்டர் வந்து, தாளைக் கிழித்துவிட்டால் தீர்ந்தது என்று ஒரு மூலையை இழுத்தார். சுவர் ஒரே எட்டில் நாலடி முன்னால் பாய்ந்து ஸ்டூலை நொறுக்கியது. பெயிண்டர் தூரிகைகளைச் சேகரித்துக்கொண்டு, வேறு வீட்டு வேலை ஞாபகம் வந்தவராய்ப் போனார். நகராட்சி இன்ஜினியர் வீட்டை வெளியே அளந்தார், உள்ளே அளக்க டேப் போதாமல் ஸ்கூட்டரை உள்ளே ஓட்டி மீட்டரைப் பார்த்தார், பிறகு வெளி அளவு சரியாக இருப்பதால் உள் அளவு வீட்டாரின் சொந்த விஷயம் என்று சொல்லிவிட்டார். டைல்ஸ் கடைக்காரர் மட்டும் அடிக்கடி வந்து தரையைத் தடவிப் பார்த்தார். நீண்ட இடமெல்லாம் தானாக முளைத்திருந்த டைல்ஸ், கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்ட மாடல். "அக்கா, ஒரு பத்துப் பன்னண்டு பேத்து எடுத்துக்கட்டுமா? உங்களுக்குத்தான் வளருதே" என்று கேட்டுப் பார்த்தார். அக்கா முறைத்ததில் அவர் அரை அங்குலம் ஆனார்.

குளியலறைக் கதவு மேற்குச் சுவரை ஒட்டி இருந்ததால் அது அண்ணனோடு போய்விட்டது. சமையலறையும் வாசலும் அக்காவின் பக்கம். ஆகவே ஆரம்ப நாட்களில் இருவரும் தினம் பல தடவை எதிரெதிரே நடந்து, நடுவழியில் எதிர்த்திசைப் பஸ்களைப்போல ஒருவரை ஒருவர் கடந்தார்கள். ஹாரன் கிடையாது. தூரம் கூடக்கூட அக்கா டீச்சர் வீட்டுக் குளியலறைக்குப் பழகிக்கொண்டார். அண்ணன் கட்டிலையும் ஒரு மின் கெட்டிலையும் தன் பக்கம் கொண்டுபோனார். அக்கா கடைக்குப் போகும் நேரம் பார்த்து வந்து ரொட்டியும் டீத்தூளும் எடுத்துக்கொண்டு திரும்புவார். அவர் வந்து போனது அக்காவுக்கு டப்பாவின் எடையில் தெரியும். அதனால் கடைக்குக் கிளம்பும் முன் டப்பாவை விளிம்புவரை நிரப்பி, மூடியை இறுக்காமல் வைத்துவிட்டுப் போவார். அவர் விரல்களுக்கு இறுக்கமான மூடி ஆகாது.

கைபேசி இருந்ததே என்று கேட்கலாம். இரண்டு பேரிடமும் இருந்தது. முதலில் கூப்பிடுகிறவர் தோற்றவர் என்பதும் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே இருவரும் வேறு ஊரில் இருக்கும் மகளைக் கூப்பிட்டார்கள். அம்மாவிடம் கேஸ் தீரப் போகிறது என்று சொல், அப்பாவிடம் மாத்திரை போட்டாரா என்று கேள் என்று ஒரு கூடத்தின் செய்திகள் இரண்டு ஊர் சுற்றி வந்தன. "நான் என்ன போஸ்ட் ஆபீஸா?" என்று மகள் கத்துவாள். கத்திவிட்டுச் சொல்லிவிடுவாள். பிறகு அண்ணன் பக்கம் சிக்னல் போனது. ஒருநாள் மகள் பயத்தோடு கேட்டாள்: "அப்பா எப்படிம்மா இருக்காரு?" அக்கா திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சின்னதா இருக்காரு."

அந்தச் சின்னதுக்கு ஒரு கணக்கு இருந்தது, அது அக்காவுக்கு மட்டுமே தெரிந்த துக்கம். கணவர் தூரம் போகப் போக அக்காவின் கண்ணுக்குச் சாண் அளவானார். பிறகு ஒரு மத்தியானம், வேலை மேசையிலிருந்து நிமிர்ந்தவர், எதிரே இருந்த பொம்மை வீட்டின் ஜன்னலுக்கும் தூரத்தில் நாற்காலியில் இருந்த மனிதருக்கும் அளவு அச்சாகப் பொருந்துவதைப் பார்த்தார். அடிக்கு அங்குலம். இருபது வருடத்தில் அக்கா செய்த எதுவும் அவ்வளவு சரியாக அமைந்ததில்லை. தலை லேசாகச் சாய்ந்திருந்தது. சட்டையில் ஒரு பொத்தான் இல்லாததுகூடத் தெரிந்தது. அன்றைக்கு அக்கா ரொம்ப நேரம் வேலை செய்யவில்லை. சரியான அளவில் அச்சாகியிருந்தால் சுவர் அங்கேயே நின்றிருக்கும். குறைந்துபோன அந்த நூற்றுக்கு மூன்று இருக்கிறதே, அதை எந்தத் தூரத்தில் வைத்தால் நியாயம் என்று தெரியாமல், பாதிப்பூக்கள் எங்கே முடிகின்றன என்றும் புரியாமல், சுவர் தினமும் இன்னும் கொஞ்சம் போய்ப் பார்த்தது. பிரேக் அண்ணன் அங்குலத்துக்கும் கீழே போனார். அந்த அளவில் அக்கா எதையும் செய்ததில்லை. அப்படி ஒரு அளவு தொழிலிலேயே கிடையாது. மாலையில் அவர் போடும் விளக்கு மட்டும் தெரியும். பிறகு அது விளக்கா, கண்ணில் விழுந்த தூசியா என்ற சந்தேகம் வந்தது. மறுநாள் அக்கா டீச்சரைக் கூப்பிட்டார்.

"டீச்சர், அந்தச் சுவரத் திரும்ப வர வைக்கணும். இனிமே போச்சுன்னா ஆளு கணக்குலயே வர மாட்டாரு."

டீச்சருக்கு அது எளிய கணக்கு. அதே பூவைச் சுருக்காமல் நிஜ அளவில் அச்சடித்து மேலே ஒட்டினால், பூ நெல்லிக்காய் அளவில் தெரியும், சுவர் நியாயம் கருதி வீட்டுக்கு வந்துவிடும். கிழித்தால்தானே பாயும், ஒட்ட ஒட்ட மெதுவாக வரும். அக்கா பிரிண்டரின் முன் உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பூவை முழு அளவில் அச்சடித்தார். வெளியே வந்ததைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அந்தப் பூ அவர் கையால் வரைந்தது, ஆயிரம் பொம்மைச் சுவர்களில் மெச்சப்பட்டது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று அதைக் காட்டிப் பெருமை பேசுவார். பெரிதாகப் பார்த்தால் ஓர் இதழ் நீளம், ஓர் இதழ் சூம்பல், காம்பு இடது பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. கோணலிலும் கோணல். இத்தனை வருடம் அதன் அழகெல்லாம் யாருக்கும் கண் எட்டாததால் வந்த அழகு. அக்கா அதைத் திருத்தவில்லை. அப்படியே சுவர் கொள்ளும் அளவுக்கு அச்சடித்தார். மை தீர்ந்து, வாங்கி, மறுபடி தீர்ந்து, பிரிண்டர் இருமி, அண்டை வீட்டுக்காரர்கள் காயவைத்து அடுக்கிக் கொடுத்து, சில வாரங்கள் அப்படிப் போயின.

யாரையாவது அனுப்பி ஒட்டச் சொல்லலாமே என்றோம். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. சுவர்த்தாள் ஒட்ட இரண்டு பேர் வேண்டும், ஒருவர் சுவரோடு நிற்க வேண்டும், ஒருவர் தள்ளி நின்று இடது, வலது, கொஞ்சம் மேலே என்று சொல்ல வேண்டும். "சுவரோட நிக்கத்தான் ஒருத்தர் அங்க இருக்காரே" என்று சொல்லிவிட்டு, தாள் கட்டையும் பசை வாளியையும் சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலோடு ஒருநாள் காலையில் கூடத்தில் மேற்கே கிளம்பினார். தெருவே வாசலில் நின்று வழியனுப்பியது. டைல்ஸ் கடைக்காரர் கையாட்டினார், கண் தரையில் இருந்தது.

வழியில் சிரமம் ஒன்றும் இல்லை. முதலில் மின்விசிறியின் காற்று எட்டும் தூரம், பிறகு எட்டாத தூரம், பிறகு ஜன்னல் வெளிச்சம் தேய்ந்து மங்கலான ஓர் இடம். அங்கே குருவிகள் கூடு கட்டியிருந்தன. அதைத் தாண்டி லேசான மூடுபனி. அது கலைந்ததும் விளக்கு தெரிந்தது. விளக்கின் கீழ் கடுகாக ஒரு மனிதர். நடக்க நடக்க அவர் அரிசியானார், அங்குலமானார், சாணானார். இடுப்புயரம் வந்தபோது அக்காவுக்குக் கால் வலித்தது, நிற்கவில்லை. அவர் முழு அளவுக்கு வந்தபோது முதுகுதான் தெரிந்தது. நாற்காலியில் ஏறி நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தூக்கிப் போட்ட பழைய மை டப்பாக்கள் காலடியில் வரிசையாக இருந்தன. கையில் நாலைந்து மயிர் மட்டும் விட்டு வெட்டிய ஒரு பிரஷ். தாள்கள் சேரும் இணைப்பு ஒன்றில், பாதியில் அறுந்த கடுகுப்பூவுக்கு மீதி இதழ்களை மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்துகொண்டிருந்தார். மேலிருந்து கீழ்வரை, இடமிருந்து வலம்வரை, இணைப்புகள் ஏறக்குறைய எல்லாமே வரைந்து முடிந்திருந்தன. போய்ச் சேராத கொடிகளெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தன.

வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது. பிரேக் அண்ணனின் வலது கால் நாற்காலியை அழுத்தியது.

"ஏம்மா, வர்றவ ஒரு ஹாரன் அடிச்சுட்டு வரக் கூடாதா? பாரு, கை ஆடிப்போச்சு."

அக்கா கண்ணாடியை இறக்கிக்கொண்டு சுவரருகே போனார். ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். அண்ணன் நாற்காலியிலிருந்து இறங்கவும் மறந்து, லைசன்ஸ் பரீட்சை எழுதியவனைப்போல நின்றார். கடைசியில் அக்கா ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இந்தப் பூவுக்கு அஞ்சு இதழ். நாலுதான் போட்டிருக்கீங்க."

"அஞ்சாவதத்தான் போட்டுக்கிட்டிருந்தேன். நீ வந்து கெடுத்துட்ட."

"சரி, பிரஷக் குடுங்க, நான் போட்டுடறேன்."

"தர மாட்டேன். இது என்னோடது. உன் பிரஷ் உன் டேபிள்ல இருக்கும், போய் எடுத்துட்டு வா."

அக்கா திரும்பிக் கிழக்கே பார்த்தார். வந்த வழி மூடுபனிக்குள் போயிருந்தது. "அவ்ளோ தூரமா? போய்ட்டு வர்றதுக்குள்ள பொழுது போயிடும்."

"அப்ப போவாத" என்றார் பிரேக் அண்ணன். "இங்கயே இரு."

அக்கா பசை வாளியைக் கீழே வைத்தார். நாற்காலியின் கால்களை இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொண்டார். ஐந்தாவது இதழ் வரையப்பட்டது. அது மற்ற நாலைவிட நீளமாக அமைந்துவிட்டது. அக்கா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதை, கூடவே இருந்து கேட்டதுபோல, தெரு உறுதியாகச் சொல்கிறது.

முழு அளவுப் பூத்தாளை அவர்கள் ஒட்டவே இல்லை. ஒட்டினால் அத்தனை மாத வேலையும் உள்ளே போய்விடும் என்று அக்கா சொல்லிவிட்டார். சுவர் அன்றோடு நகர்வதை நிறுத்திக்கொண்டது, திரும்பியும் வரவில்லை. கொண்டுபோன தாள்கள் சுருட்டிக் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. தரையில் விரித்து உட்காரலாம்தான், தரை என்ன நினைத்துக்கொள்ளுமோ என்று விரிப்பதில்லை. பிரிண்டரும் மேசையும் மேற்கே போயின. வாசலுக்கும் சமையலறைக்கும் அண்ணன் சைக்கிளில் போய்வருகிறார். ஆர்டர் கொடுக்க வருபவர்கள் மணி அடித்துவிட்டுக் காத்திருக்கப் பழகிவிட்டார்கள். மழைக்காலத்தில் தெருப்பிள்ளைகள் நடுக்கூடத்தில் பந்து விளையாடுகிறார்கள், குருவிகள் இருக்கும் பக்கம் மட்டும் அடிக்கக் கூடாது. டைல்ஸ் கடைக்காரருக்குக் கடைசியில் ஆறு டைல்ஸ் கிடைத்தன, அந்த இடத்தில் மறுவாரமே வேறு ஆறு முளைத்தன.

போன விடுமுறைக்கு மகள் வந்தாள். வாசலில் பெட்டியை வைத்துவிட்டு "அம்மா!" என்று கத்தினாள். பதில் வரச் சற்று நேரமானது: "நேரா வாடீ! தண்ணி எடுத்துக்கோ!" அவள் நடந்தாள். அவ்வளவு தூரத்தை ஷூ இல்லாமல் நடக்க முடியாது என்பது மகள் கட்சி. எவ்வளவு தூரமாக இருந்தால் என்ன, கூட்டிப் பெருக்குகிற ஹாலுக்குள் ஷூவோடு வருவதா என்பது அக்கா கட்சி. அண்ணன் எந்தக் கட்சியிலும் சேராமல் காலை அழுத்திக்கொண்டிருந்தார். அந்தத் தகராறு இன்னும் முடியவில்லை.